கனவு ஒன்றே விடையாகுமா? – உபலப்த்யதிகரணத்தை முன்னிட்டு

ஓசூரில் ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபம் முடிந்த ஒரு மாலை, ஸிப்காட் ஆலையொன்றில் அளவு சரிபார்க்கும் பணியிலுள்ள அன்பர் ஒருவர் வினவினார்: "ஸ்வாமி, ஷாஃப்டின் விட்டத்தை அடியேன் நேரே காண்பதில்லை. மைக்ரோமீட்டர் காட்டும் எண்ணைத்தான் காண்கிறேன். அதுபோலக் கண் காட்டும் நிறத்துக்கு அப்பால் பொருளென ஒன்று உண்டு என்பதற்கு என்ன ப்ரமாணம்?"

வினா பழையது. காஞ்சிக்கு அருகே பிறந்தவராகத் திபெத்திய மரபு சொல்லும் திங்நாகர், 8 காரிகைகளே கொண்ட ஆலம்பனபரீக்ஷையில் இதை ஆராய்ந்தார். அணு அறிவில் தோன்றுவதில்லை. தோன்றும் திரளோ மெய்ப்பொருளன்று. ஆகவே அறிவின் உள்ளே தோன்றும் ஆகாரமே விஷயம் என்பது அவர் முடிபு. நீலமும் நீலத்தின் அறிவும் என்றும் சேர்ந்தே கிடைப்பதால் அவை வேறல்ல என்று தர்மகீர்த்தி இதற்கு வலுவூட்டினார்.

இங்கே எம்பெருமானார் தரும் ஸமாதானத்தை, அடியேன் கண்ட தமிழ் விளக்கங்கள் சில, கனவறிவு பின்னர் பாதிக்கப்படும், விழிப்பறிவு பாதிக்கப்படாது என்பதோடு முடித்துவிடுகின்றன. இவ்வளவுதான் என்றால் சங்கர பாஷ்யமே போதுமே! மேலும், கனவுப் பொருள்களும் அவரவர் கர்மத்துக்கு ஈடாக ஈச்வரன் படைத்தவையே என்று ஸந்த்யாதிகரணத்தில் நிறுவும் பாஷ்யகாரர், இங்கு அவற்றைப் பொய்யென்று கைவிட்டதாகவும் ஆகும். அவர் அப்படிக் கைவிடவில்லை. கனவறிவும் பொருளற்றதன்று என்பதை க்யாதி நிரூபணத்தில் காட்டியதாக அவ்விடத்திலேயே நினைவூட்டுகிறார். விளக்கங்கள் தவறவிட்டது இந்த ஒரு வாக்கியத்தை. அதை விட்டால் யதார்த்தக்யாதி முழுவதும் ஆட்டம் காண்கிறது.

ஸித்தாந்தத்தின் உயிர்நிலையோ கனவுக்கு முன்பே வந்துவிடுகிறது. அறிவு என்பது அறிபவன் ஒருவனுக்கு, ஒரு பொருளைப் பற்றியே ஒளிர்கிறது. ‘சேர்ந்து கிடைத்தல்’ என்ற ஹேதுவும் தன்னையே முறித்துக்கொள்கிறது. இருவர் சேர்ந்து வந்தனர் என்ற சொல்லால் ஒருவரே வந்தார் என்று ஸாதிக்க இயலாது.

மைக்ரோமீட்டரின் பிழையை ஸ்லிப் கேஜ் வைத்துத் திருத்துகிறீரே, எண் வேறு பொருள் வேறு என்பதற்கு அதுவே சான்று என்று அன்பருக்கு முதலில் சொன்னேன். அது பலவீனமான விடை. ஸ்லிப் கேஜும் ஓர் ஆகாரமே என்று விஜ்ஞானவாதி உடனே சொல்லுவார். பிறகு அவர் வினாவையே திருப்பிக் காட்டினேன்: ‘அடியேன்’, ‘எண்ணை’, ‘காண்கிறேன்’. மறுக்க வந்த வாக்கியத்திலேயே மூன்றும் நிற்கின்றன.

இதைத் தமிழிலேயே கற்க விரும்புவோர், ஸ்வாமி தேசிகன் பரமதபங்கத்தில் யோகாசாரருக்கென்றே ஒதுக்கிய அதிகாரத்தை முதலில் ஸேவித்துவிட்டு ஸ்ரீபாஷ்யத்துக்கு வருவது நலம்.