ஜனவரி 6: ஒரு தாளில் மூன்று காலக்கணக்கு

தமிழ் வீடுகளின் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஜனவரி 6ஆம் தேதித் தாளைப் பாருங்கள். நடுவில் பெரிய எழுத்தில் 6. அதற்குக் கீழே மார்கழி 22. சில ஆண்டுகளில் ஒருநாள் முன்பின் இருக்கும். இன்னும் கீழே, கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், அன்றைய திதியும் நட்சத்திரமும். தமிழ்நாட்டின் இசை இந்த மூன்று கணக்குகளையும் தனித்தனியாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. சினிமாப் பாட்டுக்கு ஆங்கிலத் தேதி. பாசுரத்துக்குத் தமிழ் மாதம். கர்நாடக இசையின் பெரியவர்களுக்குத் திதி. மூன்றும் வந்து கூடும் தாள் வருஷத்தில் அதிகம் கிடைக்காது. ஜனவரி 6 அப்படியொரு தாள்.

1847 ஜனவரி 6 அன்று தியாகராஜர் திருவையாற்றில் மறைந்தார். 1967 ஜனவரி 6 அன்று ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் பிறந்தார். இடையில் சரியாக 120 ஆண்டுகள். நம் அறுபதாண்டுச் சுழற்சியில் இது முழுதாக இரண்டு சுற்று. ஆகவே இரண்டும் பராபவ ஆண்டின் மார்கழியில் நிகழ்ந்தவை. இதில் விதியின் கையைத் தேட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நிகழ்வுகளையும் நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்பதில் தேட நிறைய இருக்கிறது.

ரஹ்மானின் பிறந்தநாள் அசையாது. அன்று காலை முதல் பண்பலை வானொலிகளில் அவர் பாட்டுத்தான். சென்னையின் தெற்கே எங்கள் கீழ்க்கட்டளையில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்து போகும் பேருந்திலும் ஆட்டோவிலும் 'ரோஜா' காலத்துப் பாடல்களைக் கேட்கலாம். சினிமா இசை தேதியோடு பிறந்த இசை. ஒப்பந்தம், ஒலிப்பதிவு, தணிக்கைச் சான்றிதழ், வெளியீடு எல்லாம் தேதியிட்ட காகிதங்கள். 'அன்னக்கிளி' 1976 மே 14 அன்று வந்தது, 'ரோஜா' 1992 ஆகஸ்ட் 15 அன்று வந்தது என்று ரசிகர்கள் சொந்த வீட்டுத் திருமண நாளைப் போல ஒப்பிப்பது அதனால்தான்.

தியாகராஜரின் நாளோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. அவர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி, சந்திரனைப் பார்த்துக் கணக்கிடப்படும் திதி. அந்தத் திதியில் திருவையாற்றில் நடக்கும் ஆராதனை 2023இல் ஜனவரி 11 அன்று வந்தது. 2024இல் ஜனவரி 30. 2025இல் ஜனவரி 18. சந்திரனின் பிறைகள் ஏறக்குறைய அதே தேதிகளுக்குத் திரும்ப 19 ஆண்டுகள் ஆகும். 1847இலிருந்து அப்படி ஒன்பது சுற்று முடிந்த 2018இல் பஞ்சமி சரியாக ஜனவரி 6 அன்றே விழுந்தது. திருவையாற்றில் காவிரிக் கரைப் பந்தலில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஒலித்த அதே நாளில் ரஹ்மானுக்கு 51 வயது நிறைந்தது. 2037இல் மறுபடி இந்தத் தேதியை ஒட்டி வரும்.

ஆராதனை இன்றைய வடிவத்தில் தொன்றுதொட்டு நடந்துவருகிறது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அது இருபதாம் நூற்றாண்டில் உருவான விழா. தியாகராஜர் மறைந்து ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அவருடைய சமாதி கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்தது. சிஷ்ய பரம்பரையினர் அதைச் செப்பனிட்டார்கள், பூஜை நடத்தினார்கள், பிறகு இரண்டு கட்சிகளாகப் பிரிந்து தனித்தனியே நடத்தினார்கள். கோயிலாகக் கட்டி எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த பாடகி. செல்வமும் புகழும் பெற்றவர். சமாதி இருக்கும் நிலையைத் தன் குரு பிடாரம் கிருஷ்ணப்பா கடிதத்தில் எழுதியதைப் படித்து 1921இல் வேலையைத் தொடங்கினார். சொந்தச் சொத்தையும் நகைகளையும் இதற்காகச் செலவழித்தார். 1925இல் கும்பாபிஷேகம் நடந்தது. அதன் பிறகும் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. தான் கட்டிய இடத்தில் தனக்கே பாட உரிமை இல்லை என்ற நிலையில் அவர் பெண் கலைஞர்களைச் சேர்த்துத் தனி ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில் எல்லாக் கட்சிகளும் ஒன்றான பிறகே இன்று நாம் தொலைக்காட்சியில் பார்க்கும், ஆணும் பெண்ணும் வரிசையாக உட்கார்ந்து பாடும் காட்சி சாத்தியமாயிற்று. 1952இல் மறைந்த நாகரத்தினம்மாளின் நினைவிடமும் அங்கேதான் இருக்கிறது. பஞ்சமியன்று பந்தலுக்குப் போகிறவர்கள் அங்கும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்.

திதி உள்ளூர் வானத்தை நம்பி நிற்கும் கணக்கு. கடல் கடந்தால் அதுவும் விடுமுறைக்கு வளைந்துகொடுக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனை விழா ஈஸ்டர் பருவத்தை ஒட்டி நடக்கிறது.

இனி மார்கழி 22. இது சூரியக் கணக்கு. அதனால் ஜனவரி 6ஐ விட்டு அதிகம் விலகாது. திருப்பாவையின் முப்பது பாசுரங்களை நாளுக்கொன்றாகப் பாடுகிற மரபில் அன்று இருபத்திரண்டாம் பாசுரம். எங்கள் கீழ்க்கட்டளைப் பக்கம் விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி அதைப் பாடத் தொடங்கிவிடும். பெரும்பாலும் எம்.எல். வசந்தகுமாரியின் குரல். சபா வாசலை மிதிக்காதவர்களும், ராகத்தின் பெயர் தெரியாதவர்களும் ஒரு மாதம் தினமும் கர்நாடக இசை கேட்கிறார்கள் என்றால் அதற்கு இந்த ஒலிபெருக்கிதான் காரணம். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுக் காலப் பாசுரங்களுக்கு இன்று பரவலாகக் கேட்கும் மெட்டை அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவர் மறைந்தது 1967 ஜனவரி 23. ரஹ்மான் பிறந்து பதினேழாம் நாள்.

அந்த ஜனவரியைச் சற்று நின்று பார்க்கலாம். 6ஆம் தேதி ஆர்.கே. சேகரின் வீட்டில் ஆண் குழந்தை பிறக்கிறது. திலீப் குமார் என்று பெயர்; அவர்தான் பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான். 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுடுகிறார். அது கீழ்க்கட்டளையிலிருந்து சில கிலோமீட்டர் தூரம். கழுத்தில் கட்டுப் போட்ட படம் சுவரொட்டியாகிறது; மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர் பரங்கிமலைத் தொகுதியில் வெல்கிறார், தி.மு.க. ஆட்சிக்கு வருகிறது. அதன் பிறகு திரையில் கேட்ட அவர் பேச்சுக்குரல் பழைய குரலாக இல்லை. பாட்டுக்கு வாயசைக்கும்போது மட்டும் டி.எம். சௌந்தரராஜனின் குரல் மாறாமல் கூடவே வந்தது. 23ஆம் தேதி அரியக்குடி. மூன்று வாரத்துக்குள் கச்சேரி உலகின் ஒரு காலம் முடிகிறது, அரசியலின் ஒரு காலம் தொடங்குகிறது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சினிமா இசையின் போக்கை மாற்றப்போகிறவர் தொட்டிலில் இருக்கிறார்.

தியாகராஜருக்கும் சினிமாப் பாட்டுக்கும் நடுவில் பாலங்கள் உண்டு. 1946இல் சித்தூர் வி. நாகையா 'தியாகய்யா' என்று தெலுங்கில் படமே எடுத்தார். அதே ஆண்டு திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டு பாடியதைச் சுற்றிக் கிளம்பிய சர்ச்சை, தமிழிசை இயக்கத்தின் வரலாற்றில் மறக்க முடியாத அத்தியாயம். இந்தக் காயத்துக்கு மருந்துபோல ஒரு காட்சி 1985இல் 'சிந்து பைரவி' படத்தில் வந்தது. தியாகராஜர் காம்போதியில் அமைத்த ஒரு தெலுங்குக் கீர்த்தனையை இளையராஜா சாரமதி ராகத்துக்கு மாற்றினார். அதே ராகத்தில் எளிய தமிழ்ப் பாட்டு ஒன்றை அதனோடு இணைத்தார். கே.எஸ். சித்ராவுக்கும் இளையராஜாவுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. கீர்த்தனையின் ராகத்தை மாற்றலாமா என்று கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். என் பார்வையில் அது தியாகராஜருக்குச் செய்த மரியாதை. மறு ஆண்டே இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்ற கருவியிசைத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பித்தார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த இளையராஜாவின் இசைக் குழுவில் சிறுவயதில் கீபோர்டு வாசித்தவர்தான் ரஹ்மான்.

உலகத்தின் ஜனவரி 6கள் ஏராளம். கலீல் ஜிப்ரான், கபில்தேவ் பிறந்தது; மெண்டல் மறைந்தது; கிறிஸ்தவர்களின் மூன்று ராஜாக்கள் திருநாள்; 2021இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. இசைக்கு நெருக்கமானவை சில. 1852இல் இதே நாளில் மறைந்த லூயி பிரெயில் ஆர்கன் வாசிப்பவர். எழுத்துக்கு மட்டுமின்றி இசைக்குறிப்புக்கும் புள்ளி முறையை அமைத்துத் தந்தவர். ஜாஸ் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி 1993 ஜனவரி 6 அன்று மறைந்தார். பிங்க் ஃபிளாய்ட் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் 1946இல் பிறந்தார்.

எல்விஸ் பிரெஸ்லியின் கதை நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 1957 ஜனவரி 6 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர் பாடியபோது கேமரா இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. அந்த உடலசைவு குடும்பங்களைக் கெடுக்கும் என்று பயந்தார்கள். அதே ஐம்பதுகளில் இங்கே பயம் வேறு வடிவில் இருந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. மக்கள் வானொலியின் முள்ளை இலங்கைக்குத் திருப்பிக்கொண்டார்கள். அரசாங்கம் இறங்கிவந்து விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3 அன்று. அங்கே கேமரா மறைத்ததும் இங்கே வானொலி மறுத்ததும் நிலைக்கவில்லை. மக்கள் விரும்பிய இசையை மேலிருந்து தடுத்தவர்கள் எந்த நாட்டிலும் நீண்ட நாள் வென்றதில்லை.

தமிழர் பொதுவாழ்விலும் ஜனவரி 6 தனியாகக் கவனிக்க வேண்டிய நாள். 1968இல் சென்னையிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும், 1981இல் மதுரையிலும் உலகத் தமிழ் மாநாடுகள் நடந்தன. மூன்றும் பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் நடந்ததால் ஜனவரி 6 மூன்றுக்கும் நடுவே வந்தது. சென்னை மாநாடு மெரினாவில் சிலைகளை விட்டுச்சென்றது. மதுரை மாநாட்டை அடுத்து அதே ஆண்டில் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் மாநாட்டின் நிறைவைக் கொண்டாடக் கூடிய மக்கள்மீது ஜனவரி 10 அன்று காவல்துறை பாய்ந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த வாரத்தின் பாட்டும் நாட்டியமும் எதுவுமே இன்று தனியாக நினைவுகூரப்படுவதில்லை. அந்த மரணங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டன.

இப்படித் தேதிகளைத் தொகுக்கும்போது ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தேதி யாருக்குக் கிடைக்கிறது? எங்கள் பக்கத்திலேயே பல்லாவரத்துக்கு உலக வரலாற்றில் ஒரு தேதி உண்டு: 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அந்தக் கல்லைச் செதுக்கியவருக்கு நாளும் இல்லை, பெயரும் இல்லை. அங்கே எழுத்து இல்லை. வேறு வழி இல்லை. ஆனால் எழுத்தும் அச்சும் ஒலிப்பதிவும் இருந்த காலத்திலும் இசையில் இதே கதை நடந்திருக்கிறது. 1949இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் இசைத்தட்டில் பாடகியின் பெயர் இருந்த இடத்தில் படத்தின் கதாபாத்திரமான காமினியின் பெயர் அச்சாகியிருந்தது. பாடியவர் லதா மங்கேஷ்கர். அவருக்கே அந்த நிலை என்றால் பின்னால் வயலினும் தபேலாவும் வாசித்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். மற்ற இசையமைப்பாளர்களின் பாடல்களுக்கு வாத்திய ஒழுங்கு செய்தவர், இசைக்குழுவை நடத்தியவர். 1976இல் அவர் மறைந்த பிறகு, அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. இன்று அவர் நினைக்கப்படுவது பெரும்பாலும் மகனின் பிறந்தநாளில், மகனின் கதையில் ஒரு வரியாக.

பத்திரிகைகளின் 'இந்த நாளில்' பகுதிகள் நட்சத்திரங்களின் பிறப்பையும் இறப்பையும் மட்டுமே சுற்றிவருவது போதாது. ஒரு பாட்டு எந்தக் கூடத்தில், எந்த நாளில், யார் யார் வாசித்துப் பதிவாயிற்று என்பதுதான் அந்தப் பாட்டின் உண்மையான பிறந்தநாள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் திரையரங்க வாசல்களில் விற்ற பழைய பாட்டுப் புத்தகங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கோட்டையூரில் ஒரு மனிதர் தன் ஆயுளைச் செலவிட்டுச் சேர்த்தவற்றிலிருந்து 1994இல் உருவான நூலகம் அது. பாட்டின் வரிகளையும் எழுதியவரையும் இசையமைத்தவரையும் அங்கே தேடலாம். வாசித்தவர்களைத் தேட வேண்டிய இடம் வேறு. வடபழனியிலும் சாலிகிராமத்திலும் வசிக்கும் பழைய வாத்தியக் கலைஞர்களின் நினைவில்தான் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் பலர் எழுபதைக் கடந்துவிட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் உள்ள யாராவது இந்த ஆண்டே போய் அவர்கள் எதிரில் உட்கார வேண்டும்.