கீரிமலைத் தீர்த்தமும் சீமெந்துக் கல்லும்: ஒரு மறுபரிசீலனை

கீரிமலையைப் பற்றிய பழைய மரபு அதன் நீரைத் தெய்வ அருளின் பேறாகவே கண்டது. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அங்கு நீராடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்றாள் என்பது ஐதிகம். இத்தலத்துக்கு நகுலமலைக் குறவஞ்சி என ஒரு நூலும் உண்டு. குறவஞ்சி மரபில் குறத்தி மலைவளம் கூறுவாள். கீரிமலையின் ‘மலை’யோ கடலோரச் சுண்ணாம்புக்கல் மேடு, அதன் மெய்யான வளம் கல்லுக்குள் இருக்கும் நீரே.

குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மாரிமழை கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அதன் ஒரு பகுதியே கேணியில் ஊற்றெடுக்கின்றது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு அக்கல் மூலப்பொருளாயிற்று. 1990இல் போர்ச்சூழலில் ஆலை நின்றது. அகழ்ந்த பள்ளங்கள் எஞ்சின. கல் குறையுமிடத்து நீரைக் காக்கும் கவசமும் குறையும்.

முற்போக்குத் திறனாய்வாளராகிய நாம் ஆலையைத் தொழிலாளர் வர்க்க உருவாக்கத்தின் களமாகக் கண்டோம். அது தவறன்று. ஆயினும், உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி எதனைத் தின்று நிகழ்ந்தது என்று கேட்கத் தவறினோம். முதலாளித்துவ வேளாண்மை தொழிலாளியையும் மண்ணையும் ஒருங்கே சூறையாடுவதை மார்க்ஸ் 1867இலேயே ‘மூலதன’த்தின் முதல் தொகுதியிற் சுட்டினார். நமது ஆலையோ அரசுத்துறை முயற்சி. உடைமை அரசினதானமையால் மட்டும் இழந்த கல் மீளவில்லை.

எனினும் பழைய தீர்த்தப் புகழ்ச்சிக்குத் திரும்புவது விடையாகாது. அவ்விளவரசி எழுப்பியதாகக் கூறப்படும் மாவிட்டபுரம் கோயிலிலேயே 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. தூய்மை பேசிய மரபு மனிதரை விலக்கிய மரபுமாகும். கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவல் கிணறு யாருக்குரியது என வினவி, நீரைச் சமூக உறவாகக் காட்டியது.

அவ்வினாவை இன்று விரிக்க வேண்டியுள்ளது. 2009இற்குப் பின் சீமெந்துக் கட்டடங்களும் போத்தல் நீரும் பெருகின. போரில் வீடிழந்தவர் வேண்டும் கூரையும் வசதியுடையோர் எழுப்பும் மாடமும் ஒரே நுகர்வல்ல. இரண்டையும் ஒன்றாக்கிக் கண்டிக்கும் சூழலியம் வர்க்க வேறுபாட்டை மறைக்கும். கிணறு யாருடையது என்பதோடு, அதன் அடியிலுள்ள கல் யாருக்காக அகழப்பட்டது என்றும் கேட்கும் படைப்புகள் வேண்டும். அவ்விரு வினாக்களையும் பிரியாது நோக்குவதே திறனாய்வின் கடனாகும்.