தெர்மெஸ் பாலமும் பக்ராம் இருட்டும்

1989 பிப்ரவரி 15. ஆமு தரியா ஆற்றின் மீதுள்ள நட்புறவுப் பாலத்தில், கவச வண்டியிலிருந்து இறங்கி வடகரையை நோக்கி நடந்தார் சோவியத் 40-ஆம் படையின் தளபதி போரிஸ் க்ரோமோவ். தெர்மெஸ் நகரப் பக்கம் அவருடைய மகன் பூங்கொத்தோடு காத்திருந்தான். தனக்குப் பின்னால் ஒரு சோவியத் வீரன்கூட இல்லை என்று க்ரோமோவ் அறிவித்தார். ஒன்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 15 ஆயிரம் சோவியத் வீரர்களையும் பல லட்சம் ஆப்கானியர்களையும் தின்ற ஒரு போரிலிருந்து, முன்கூட்டிச் சொன்ன கெடு தவறாமல் அந்தப் படை வெளியேறியது.

2021 ஜூலை 1 நள்ளிரவையொட்டி அதே ஆப்கானிஸ்தானின் பக்ராம் விமானத் தளத்திலிருந்து அமெரிக்கர்கள் கிளம்பினார்கள். மின்சாரம் நின்றது. தளத்தைப் பொறுப்பேற்க வேண்டிய ஆப்கன் தளபதிக்கு விஷயம் தெரியவே சில மணி நேரம் ஆயிற்று என்று அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். அதற்குள் கொள்ளையர்கள் உள்ளே புகுந்திருந்தார்கள்.

இரண்டுமே தேதி குறித்துச் செய்த வெளியேற்றங்கள். முதலாவதில், விட்டுவரப்பட்ட நஜிபுல்லா அரசு மூன்று ஆண்டுகளுக்கு மேல் நின்றது. இரண்டாவதில், கடைசி அமெரிக்க விமானம் காபூலை விட்டுப் பறப்பதற்கு 15 நாள் முன்பே அஷ்ரஃப் கனி அரசு மறைந்துவிட்டது. முடிவு தெரியாமல் இழுத்துக்கொண்டே போகும் அயல்நாட்டுப் போரை ஒரு நாடு எப்படிக் கையாள வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கு இந்த வேறுபாடே முதல் பாடம். தேதி குறிப்பது சரியா தவறா என்று மட்டும் வாதாடுவதில் பயனில்லை. அந்தத் தேதியோடு வேறு எவையெல்லாம் சேர்த்துக் குறிக்கப்பட்டன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தேதிக்கு ஆதரவான வாதம் வலுவானது. அதற்கு மாற்றாக வைக்கப்படும் கொள்கை, ‘நிலைமை சீரானதும் வருவோம்’ என்பது. 2017 ஆகஸ்டில் டொனால்ட் ட்ரம்ப் இதைத்தான் அறிவித்தார்: கால அட்டவணை கிடையாது, களநிலைமையே தீர்மானிக்கும். அவர் சொன்ன நிலைமை வரவேயில்லை. இரண்டரை ஆண்டு கழித்து அவருடைய அரசே தாலிபானோடு தேதி போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நிலைமை சீராகிவிட்டது என்று அறிவிக்கும் பொறுப்பு போரை நடத்துபவர்களிடமே இருக்கும்போது, இன்னும் ஓராண்டு போதும் என்ற அறிக்கை ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். 2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட ஆவணங்கள் இதை அப்பட்டமாகக் காட்டின. வெளியில் முன்னேற்றம் என்று பேசிய அதிகாரிகள் பலர், உள்விசாரணையில் தங்களுக்கு நம்பிக்கையே இல்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். நான்கு அதிபர்கள், 20 ஆண்டுகள், 2,400-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களின் உயிர், அதைப் போலப் பல மடங்கு ஆப்கானிய உயிர். பிள்ளையைப் போருக்கு அனுப்பிய தாய்க்கு, இது எப்போது முடியும் என்று கேட்கும் உரிமை உண்டு. அதற்கு ஒரு நாளைச் சொல்ல முடியாத அரசு, தன் நோக்கமே தனக்குத் தெரியாத அரசுதான்.

சோவியத் தலைவர் கோர்பச்சேவ் இதை விரைவில் உணர்ந்தார். 1986 பிப்ரவரியில் கட்சி மாநாட்டிலேயே ஆப்கன் போரை ரத்தம் வடியும் புண் என்றார். அந்த ஆண்டு நவம்பரில் அரசியல் தலைமைக் குழுவில், ஓராண்டில், மிஞ்சினால் இரண்டு ஆண்டுகளில், போரை முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தார். கெடு சற்றே நழுவியது, ஆனால் கைவிடப்படவில்லை.

தேதியின் குறையும் அதே அளவு வெளிப்படையானது. 2009 டிசம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பேசிய ஒபாமா, கூடுதலாக 30 ஆயிரம் வீரர்களை அனுப்புவதாகவும், 2011 ஜூலையில் அவர்களைத் திரும்ப அழைக்கத் தொடங்குவதாகவும் ஒரே உரையில் சொன்னார். முதல் வாக்கியம் ஆப்கன் மக்களுக்குத் தைரியம் சொல்ல. இரண்டாவது அமெரிக்க வாக்காளர்களைச் சமாதானப்படுத்த. இரண்டையும் எல்லோரும் கேட்டார்கள். ஹெல்மந்த் மாகாணத்தில் அரசுப் பக்கம் சாய்வதா வேண்டாமா என்று தயங்கி நின்ற ஊர்ப் பெரியவருக்கு, 18 மாதம் கழித்துத் தன் வாசலில் யார் நிற்பார்கள் என்பதுதான் கணக்கு. பாகிஸ்தான் உளவுத்துறைக்கும் அதே கணக்கு. இது தேதியைப் பயன்படுத்தியதிலேயே மிக மோசமான வகை. போரைத் தீவிரமாக்கவும் தேதி, முடிக்கவும் தேதி என்று இரண்டு வேலைக்கும் அது உதவாது.

இனி, தேதியை யாரோடு உட்கார்ந்து குறிப்பது? ஆச்சரியமான ஒரு பொருத்தம்: சோவியத் வெளியேற்றத்துக்கான ஜெனிவா உடன்படிக்கை கையெழுத்தானது 1988 ஏப்ரல் 14. செப்டம்பர் 11-க்குள் முழுப் படையும் வெளியேறும் என்று பைடன் அறிவித்ததும் 2021 ஏப்ரல் 14. ஜெனிவாவில் காபூல் அரசும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன. சோவியத்தும் அமெரிக்காவும் உத்தரவாதம் தந்தன. காபூல் அரசை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்கள் அங்கே இல்லை. அதனால் போர் நிற்கவில்லை. ஆனால் காபூல் அரசின் கௌரவம் தப்பியது. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் நடந்தது இதன் தலைகீழ். எதிரி இருந்தார், நண்பர் இல்லை. அமெரிக்கா 14 மாதத்தில் வெளியேறும் என்று எழுதிய ஒப்பந்தத்தில், காபூல் சிறைகளிலிருக்கும் 5,000 தாலிபான் கைதிகள் வரை விடுவிக்கப்படுவார்கள் என்றும் எழுதப்பட்டது. சிறைகளின் சாவியை வைத்திருந்த அரசு அந்த அறையிலேயே இல்லை.

இந்த ஒப்பந்தத்தால் அமெரிக்காவுக்குக் கிடைத்த நன்மையை மறைக்கக் கூடாது. கையெழுத்தான நாளிலிருந்து 2021 ஆகஸ்ட் 26 வரை போர்க்களத்தில் ஓர் அமெரிக்க வீரர்கூடச் சாகவில்லை. ஆனால் அதே மாதங்களில் ஆப்கன் காவலர்களும் சிப்பாய்களும் செத்துக்கொண்டே இருந்தார்கள். தங்களை விட்டுவிட்டுப் பேரம் முடிந்துவிட்டது என்று அவர்கள் புரிந்துகொண்டதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 6-இல் முதல் மாகாணத் தலைநகரான சரஞ்ச் வீழ்ந்தது. ஒன்பது நாளில் காபூல்.

இராக்கின் அனுபவம் சற்று வேறு. 2011 டிசம்பர் 31 என்ற கெடுவை 2008-இல் புஷ் அரசும் பாக்தாதும் சேர்ந்து எழுதின. இராக் நாடாளுமன்றம் வாக்களித்து ஏற்றது. 2014 ஜூனில் மோசுல் நகரம் ஐஎஸ் கையில் விழுந்தபோது, தேதி குறித்ததுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். பாக்தாதில் சன்னி மக்களை அன்றைய பிரதமர் மாலிகி ஒதுக்கித் தள்ளியதை அந்த வாதம் கணக்கில் கொள்வதில்லை. மேலும், இராக் அரசு அடிவாங்கினாலும் விழவில்லை. மூன்றாண்டுப் போராட்டத்துக்குப் பின் மோசுலை மீட்டது. தன் மக்களின் பிரதிநிதிகள் கேட்டு வாங்கிய வெளியேற்றத்துக்கும், தலைக்கு மேலே பேசி முடித்த வெளியேற்றத்துக்கும் உள்ள தூரம் இது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, படை போன பின் என்ன தொடர்கிறது என்பது. க்ரோமோவ் பாலத்தைக் கடந்த அடுத்த மாதமே ஜலாலாபாத் மீது முஜாஹிதீன்கள் பெரும் தாக்குதல் தொடுத்தார்கள். நஜிபுல்லா சில மாதம் தாங்கினால் அதிகம் என்பது அன்றைய மேற்குலகக் கணிப்பு. ஜலாலாபாத் விழவில்லை. சோவியத்திலிருந்து எரிபொருளும் கோதுமையும் ஏவுகணையும் பணமும் வந்துகொண்டே இருந்தன. அவர் அரசு நல்லரசு அல்ல. அதன் சிறைகளும் சித்திரவதைகளும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனாலும் அது விழாமல் நின்றது. 1991 செப்டம்பரில் வாஷிங்டனும் மாஸ்கோவும் இரு தரப்புக்கும் ஆயுத உதவியை 1992 ஜனவரி 1 முதல் நிறுத்த ஒப்புக்கொண்டன. பிறகு சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. சம்பளமும் எரிபொருளும் நின்றதும் தளபதி தோஸ்தம் கட்சி மாறினார். ஏப்ரலில் நஜிபுல்லா ஐ.நா. அலுவலகத்தில் தஞ்சம் புகுந்தார். படை போனதால் விழாத அரசு, பணம் நின்றதால் விழுந்தது. 1975 ஏப்ரலில் சைகோன் விழுந்த கதையிலும் இதன் சாயல் உண்டு. அமெரிக்கப் படை 1973-லேயே போய்விட்டது; அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் உதவித் தொகையையும் வெட்டியது.

விட்டுச்செல்லப்படும் மனிதர்களைப் பற்றித் தமிழ் வாசகருக்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை, ஏறக்குறைய 1,200 வீரர்களை இழந்து, 1990 மார்ச் 24-இல் திருகோணமலையிலிருந்து முழுதாகத் திரும்பியது. வெளியேறச் சொல்லி 1989 ஜூனில் கெடு விதித்தவர் அதிபர் பிரேமதாசா. யாழ்ப்பாண மருத்துவமனையில் 1987 அக்டோபரில் நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டதைக் கண்ட மக்களுக்கு, அந்தப் படை போனது நிம்மதிதான். ஆனால் போவதற்கு முன் கிழக்கிலும் வடக்கிலும் ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்ற பெயரில் இளைஞர்கள் கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கப்பட்டு, கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டார்கள். படை கப்பலேறியதும் அவர்கள் புலிகளின் முன் தனியே நின்றார்கள். செத்தவர்கள் போகப் பலர் கடல் தாண்டி ஓடிவந்தார்கள். எங்கே போவது என்று அந்தப் பையன்களுக்காக யாரும் யோசிக்கவில்லை. இது தேதியின் குற்றமல்ல, தேதி போட்டவர்களின் குற்றம்.

காபூலிலும் அதே பிழை. மொழிபெயர்ப்பாளர்கள் விசா கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்; அவர்களுடைய கோப்புகள் நகர்வதற்குள் பக்ராம் காலியானது. கடைசி இரண்டு வாரத்தில் 1,20,000-க்கும் மேற்பட்டோரை விமானங்களில் ஏற்றியது பெரிய உழைப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆகஸ்ட் 26 அன்று விமான நிலைய வாயிலில், கால்வாய்த் தண்ணீரில் நின்றபடி காகிதங்களை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் குண்டு வெடித்து, 13 அமெரிக்க வீரர்களும் 170 அளவில் ஆப்கானியர்களும் இறந்தார்கள். அந்த மீட்புப் பணி வசந்த காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

ஆப்கன் விமானப்படையின் கதை இன்னும் வேதனையானது. பல ஆண்டுகளாக அதன் மெக்கானிக்குகள் ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-17 ஹெலிகாப்டரை நன்கு அறிந்தவர்கள். அமெரிக்கா அதை விலக்கிவிட்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைக் கொண்டுவந்தது. அவற்றைப் பழுதுபார்க்க அமெரிக்க ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள் வேண்டும். அவர்கள் போனால் சில மாதங்களுக்கு மேல் எந்த விமானமும் போருக்குத் தாங்காது என்று அமெரிக்க அரசின் கண்காணிப்பு அறிக்கைகளே எச்சரித்தன. தோஹா ஒப்பந்தம் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்தே வெளியேறச் சொல்லியிருந்தது. மலைப்பகுதிச் சாவடிகளுக்குத் தோட்டாவும் உணவும் வானிலிருந்தே போக வேண்டிய நாட்டில், அந்தக் கோடையில் ஹெலிகாப்டர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றன.

பறக்கும் நிலையிலிருந்தவற்றில் 40-க்கும் மேற்பட்ட விமானங்களும் ஹெலிகாப்டர்களும், காபூல் வீழ்ந்த நாளையொட்டி, நூற்றுக்கணக்கான வீரர்களைச் சுமந்துகொண்டு ஆமு தரியாவைத் தாண்டி வடக்கே பறந்தன. அவை இறங்கிய இடம் தெர்மெஸ்.