பொன்னியின் செல்வன்: பார்வையாளர் கருத்துகளும் வரலாறு பற்றிய கருத்துநிலையும்

1

வரலாற்று வீரசாகச நாவலொன்று திரைப்படமாகும்பொழுது அதுபற்றிப் பார்வையாளர் கூறும் கருத்துகளை எமது விமர்சகர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. சாதாரண இரசிகனின் விருப்பு வெறுப்பு ஆய்வுக்குரிய பொருளன்று என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். ஆயின் தமிழ்ச் சமூகத்தைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் ஏற்புடையதன்று. சாதி வேறுபாடுகளைக் கடந்து தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் முதன்முதலிற் கூடியமர்ந்த ஆற்றுகைக் களம் சினிமாக் கொட்டகையே என்பதைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அத்தகையதொரு களத்தில் எழும் கருத்துகள் தனிமனித இரசனையின் வெளிப்பாடுகள் மாத்திரமல்ல. ஒரு சமூகம் தனது கடந்த காலத்தை எவ்வாறு கற்பனை செய்ய விரும்புகிறது என்பதற்கான சான்றுகளாகவும் அவை அமைகின்றன.

கல்கி (ரா. கிருஷ்ணமூர்த்தி) 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’, மணிரத்னத்தின் இயக்கத்தில் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தது. முதற்பாகம் 2022 செப்டெம்பர் 30 ஆந் திகதியும், இரண்டாம் பாகம் 2023 ஏப்பிரல் 28 ஆந் திகதியும் வெளியாயின. எம்.ஜி.ஆர். உட்படப் பலர் எண்ணியும் கைகூடாத முயற்சி அது. படத்தையொட்டிப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் இல்லங்களிலும் எழுந்த கருத்துகளை நான்கு வகையினவாகப் பிரிக்கலாம். நாவலுக்குப் படம் விசுவாசமாக உள்ளதா என்பது முதலாவது. போரும் பிரமாண்டமும் போதுமானவையா என்பது இரண்டாவது. சோழர் எச்சமயத்தவர், யாருக்குரியவர் என்பது மூன்றாவது. நான்காவது, ஈழத்தவராகிய எம்மை நேரடியாகத் தொடுவது. இப்படத்தில் இலங்கை பெறும் இடம் பற்றியது அது. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

நாவலை முன்னரே வாசித்தோர் கூறிய குறைகளுள் முதன்மையானது சேந்தன் அமுதன் பற்றியதாகும். நாவலில், நந்தவனம் வைத்துக் கோயிலுக்குப் பூமாலை கட்டி வாழும் ஊமைத்தாயொருத்தியின் மகனாக வளர்ந்த இவ்விளைஞனே உண்மையில் கண்டராதித்தரின் புதல்வன் என்பது இறுதியிலே தெரியவருகிறது. அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். ஓடக்காரப் பெண்ணாகிய பூங்குழலி அரசியாகிறாள். படம் இப்பிறப்பு இரகசியத்தைக் கைவிட்டு, மதுராந்தகனையே உத்தம சோழனாக்குகிறது. சாசனச் சான்றுகளோடு இம்மாற்றம் பொருந்துவதே. மதுராந்தகன் என்பது உத்தம சோழனின் பெயர்களுள் ஒன்று. எனினும் எதிர்பாராத் திருப்பமொன்று இழக்கப்பட்டதென வாசகர் வருந்தினர்.

இவ்வருத்தத்தினுள் அவர்களே முழுமையாக உணராத ஒரு நியாயம் உண்டு என நாம் கருதுகிறோம். பூக்கட்டுபவன் அரியணை ஏறுவதும், படகு வலிப்பவள் அரண்மனை புகுவதும் கல்கியின் கற்பனையில் மட்டுமே நிகழக்கூடியவை. ஆயினும் அக்கற்பனை, உழைப்போர்க்கு அரசில் ஓர் உரிமையுண்டு என்ற ஆசையைத் தொட்டது. அவ்வாசையைத் தூண்டிவிட்ட கல்கியே அதை உடனடியாக அடக்கியும் விடுகிறார். சேந்தன் அமுதன் முடிசூடுவது அவன் பூக்கட்டியமையால் அன்று. அவனது இரத்தம் அரச இரத்தமாக அமைந்தமையால். உழைப்பவனுக்கு ஆளும் தகுதி உண்டெனக் காட்டத் தொடங்கிய கதை, ஆளும் தகுதி பிறப்பிலேயே உள்ளதெனக் கூறி முடிகிறது. நிலமானிய ஒழுக்கத்தின் கருத்துநிலை இங்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை இதுவே. படமோ இம்முரண்பாட்டைத் தீர்க்கவில்லை. அதற்கு இடமில்லாமற் செய்துவிட்டது. இதன் விளைவாக அரச குடும்பத்துக்கு வெளியேயுள்ள மாந்தர் திரையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர்.

வந்தியத்தேவனைப் பற்றிய கருத்துகளும் இத்தொடர்பில் நோக்கத்தக்கன. நாவலை வாசித்தோரும் வாசியாதோரும் ஒருமுகமாக விரும்பிய பாத்திரம் அவனே. ஜோர்ஜ் லூகாக்ஸ் வரலாற்று நாவல் பற்றிய தமது ஆய்விலே, சேர் வோல்ரர் ஸ்கொட்டின் நாயகர்கள் நடுத்தரமான மனிதர்களாக இருந்து எதிரெதிர் முகாம்களிடையே சென்றுவருவதன் மூலம் சமூகச் சக்திகளின் மோதலைப் புலப்படுத்துகின்றனர் எனக் காட்டினார். வந்தியத்தேவனும் முகாம்களிடையே செல்பவன்தான். ஆனால் ஸ்கொட்டிடம் அம்முகாம்கள் இரு வேறு சமூக அமைப்புகள். கல்கியிடமோ அவை ஒரே அரியணைக்கு உரிமை கோரும் உறவினர்கள். பழுவேட்டரையரும் குந்தவையும் எதிரெதிராக நிற்பினும், நிலம் யாரிடம் இருக்கவேண்டும், வரியை யார் இறுக்கவேண்டும் என்பவற்றில் அவர்களிடையே கருத்து வேறுபாடில்லை. நாட்டை இழந்த குலத்தில் வந்து, அறிவையும் துணிவையும் மட்டுமே முதலாகக் கொண்டு பெரிய இடங்களில் நுழைந்துவிடும் இவ்விளைஞனில், 1950களின் படித்த, உத்தியோகம் தேடும் மத்தியதர வர்க்கம் தன்னைக் கண்டது. இன்றைய பார்வையாளனும் அதே காரணத்துக்காகவே அவனை விரும்புகிறான் எனலாம்.

3

இரண்டாவது வகைக் கருத்து போர் பற்றியது. தமிழ் தெரியாத பார்வையாளர் பலர் 2015 இலும் 2017 இலும் வெளியான ‘பாகுபலி’ படங்களோடு இதனை ஒப்பிட்டு, போர்க்காட்சிகள் குறைவு என்றனர். நாவலை அறிந்தோர், கல்கி எழுதியது சூழ்ச்சிக் கதையேயன்றிப் போர்க் கதையன்று என மறுமொழி கூறினர். மறுமொழி சரியானதே. ஐந்து பாகங்கள் கொண்ட அந்நாவலில் நேரடியாகச் சித்திரிக்கப்படும் பெரும்போர் இல்லையென்றே சொல்லலாம். போர்கள் முன்பே முடிந்துவிட்டன, அல்லது தொலைவில் நிகழ்கின்றன. படமோ இராட்டிரகூடருடனான போரைத் தொடக்கத்திலேயே காட்டுகிறது. இரண்டாம் பாகத்தையும் போரை நோக்கி நகர்த்துகிறது.

இவ்வேறுபாடு இரு காலங்களின் வேறுபாடாகும். காந்தியவாதியும் விடுதலைப் போராட்டத்திற் சிறைசென்றவருமாகிய கல்கி, இந்தியா குடியரசான ஆண்டில் இந்நாவலைத் தொடங்கினார். அதன் உச்சம் வெற்றியன்று, துறவு. இறுதிப் பாகத்தின் பெயரே ‘தியாகச் சிகரம்’ என்பதாகும். கைக்கு எட்டிய மணிமுடியை அருள்மொழி விட்டுக்கொடுப்பது, புதிதாக அதிகாரம் பெற்ற ஒரு வர்க்கத்துக்கு அதன் அறிவாளி ஒருவர் கூறிய அறிவுரையாகும். எழுபதாண்டுகளின் பின் வந்த படமும் முடிதுறத்தலைக் காட்டத்தான் செய்கிறது. ஆயின் பெருமூலதனமும் அனைத்திந்தியச் சந்தையும் வேண்டி நிற்கும் காட்சிப்பொருள் படைக்கலமேயாதலின், துறவு போரினால் சூழப்பட்டுவிடுகிறது.

நாவலுக்கும் படத்துக்கும் பொதுவான இடைவெளியொன்றைப் பார்வையாளர் எவரும் குறையாகக் கூறவில்லை. போர் செய்தவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே அது. நாவல் வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிறது. கடல்போன்ற அவ்வேரி இராசாதித்தனின் படைவீரர் உழைப்பால் வெட்டப்பட்டதென நாவலே கூறுகிறது. கூறிவிட்டு விரைந்து சென்றுவிடுகிறது. அதே வட்டாரத்தில், இன்றைய காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியிலேதான், ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய புகழ்பெற்ற கல்வெட்டு உள்ளது. கொலையாளி யார் என்ற வினாவில் வாசகரும் பார்வையாளரும் பேரார்வம் காட்டினர். ஆனால் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அச்சாசனத்தின் பொருள் கொலை விசாரணையன்று. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய துரோகிகளினதும் அவர்தம் உறவினரதும் பறிமுதலான நிலங்களைப் பற்றியது அது. இவர்களுட் சிலர் ‘பிரமாதிராசன்’ என்னும் உயர் பட்டம் பெற்றிருந்தோர். நாவலும் படமும் இரவிதாசனைப் பாண்டியனுக்காகப் பழிவாங்கும் சதிகாரனாக்குகின்றன. சாசனமோ அவனைச் சோழ அரசின் பட்டத்தோடும் நிலத்தோடும் காட்டுகிறது. அரசகுமாரனொருவனின் கொலை பற்றி நாம் அறிய முடிவது, நிலம் கைமாறியதைக் கல்லிற் பொறிக்க வேண்டியிருந்தமையாலேயாகும்.

4

மூன்றாவது வகைக் கருத்துகள் படம் வெளியான சில நாள்களில் அரசியல் விவாதமாக மாறின. இராசராசனை இந்து மன்னனாக்க முயல்கின்றனர் என இயக்குநர் வெற்றிமாறன் 2022 ஒக்டோபரில் கூறியதும், இராசராசன் காலத்தில் இந்து என்ற பெயர் இருந்ததில்லை எனக் கமல்ஹாசன் அதனை ஆதரித்ததும், இந்துத்துவ அரசியலாளர் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்ததும் யாவரும் அறிந்தவை. சைவம், வைணவம், பௌத்தம், சமணம் எனத் தனித்தனிச் சமயங்களாக விளங்கியவற்றைப் பிற்காலப் பெயரொன்றினுள் அடக்குவது வரலாற்றுக்கு முரணானது என்ற அளவில் வெற்றிமாறனின் கூற்று சரியானதே.

எனினும் விவாதம் அவ்விடத்தில் நின்றுவிட்டமை எமக்கு ஏமாற்றமளிக்கிறது. இராசராசன் எச்சமயத்தவன் என்ற வினாவுக்கு இரு தரப்பாரும் விடை கூறினர். அவனது அரசு யாருடைய உழைப்பில் நின்றது என்ற வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. 2019 இல் இயக்குநர் பா. இரஞ்சித் அவ்வினாவை மேடையில் எழுப்பியபோது வழக்கொன்றை எதிர்கொள்ள நேர்ந்தமை நினைவுகூரத்தக்கது. அவர் கூற்றின் ஒவ்வொரு பகுதியையும் ஏற்கவேண்டுமென நாம் சொல்லவில்லை; வினா முறையானது என்பதே எமது கருத்து. தஞ்சைப் பெரியகோயிற் சாசனங்கள் ஊர்களின் வரியிலா நிலங்களைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றையும் குறிப்பிடுகின்றன. தீண்டாமை இடவரையறையுடன் நிலைபெற்றுவிட்டதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை. நொபொரு கராஷிமா போன்றோர் இச்சாசனங்களைக் கொண்டு சோழர்கால நிலவுடைமை பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர். பொற்காலம் என்ற சொல்லைப் பயன்படுத்துவோர், அப்பொன் யாருடைய களத்தில் விளைந்ததெனக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

5

ஈழம் பற்றிய பகுதிக்கு வருவோம். முதற்பாகத்தின் கணிசமான பகுதி இலங்கையில் நிகழ்வதாக அமைந்துள்ளது. நாவலிற் போன்றே படத்திலும் பௌத்த பிக்குகள் அருள்மொழிக்கு இலங்கை மணிமுடியை அளிக்க முன்வருகின்றனர்; அவன் மறுத்துவிடுகிறான். தமிழ்ப் பார்வையாளர் பலர் இக்காட்சியில் நெகிழ்ந்தனர். மறுபுறம், சோழர் என்ற சொல்லைக் கேட்டதும் அநுராதபுரத்தின் அழிவை நினைப்பது சிங்களத் தேசியவாத மரபு.

சான்றுகள் இரு தரப்பையும் மகிழ்விக்கக்கூடியனவாக இல்லை. இளவரசன் அருள்மொழியின் ஈழப் படையெடுப்பு கல்கியின் கற்பனை. சுந்தர சோழன் காலத்தில் ஈழப்போரில் இறந்த கொடும்பாளூர்ச் சிறியவேளானே சாசனங்களிற் குறிப்பிடப்படுகிறான். 993 அளவில், மன்னனாகிய இராசராசனின் படை வந்தபோது நாட்டின் நிலை என்ன? வரி திரட்ட இயலாத ஐந்தாம் மகிந்தன், கூலி பெறாத படையினரின் கிளர்ச்சிக்கு அஞ்சி உரோகணத்துக்கு ஓடியதைச் சூளவம்சமே கூறுகிறது. சோழர் விகாரைகளின் தாதுகர்ப்பங்களை உடைத்துச் செல்வங்களைக் கவர்ந்தனர் என்பதும் அதே நூலின் கூற்று. 1017 இல் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். ஈழத்து ஊர்கள் சில தஞ்சைக் கோயிலுக்கு நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் இறுக்க விதிக்கப்பட்டமையைக் கோயிற் சாசனம் தெரிவிக்கிறது. திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரை ‘இராசராசப் பெரும்பள்ளி’ எனப் பெயர்பெற்று, தமிழ்ப் பௌத்தர்களின் கொடைகளைப் பெற்றமையும் இதே ஆட்சிக்காலத்துச் செய்திதான். கொள்ளையும் கொடையும் ஒரே அரசின் இரு செயல்கள். முடியை மறுக்கும் இளவரசனைக் காட்டும் கதையில் அவ்விரண்டில் ஒன்றுக்கே இடமுண்டு.

தமிழ்ப் பெருமிதமும் சிங்கள அச்சமும் ஒன்றையொன்று எதிர்ப்பனவாகத் தோன்றினும் ஓர் அடிப்படையில் உடன்படுகின்றன. சோழர் என்றால் தமிழர் அனைவரும் என்பதே அவ்வடிப்படை. இச்சமன்பாட்டின்படி, தஞ்சைக் கோயிலுக்கு நெல் அளந்த ஈழத்து உழவன் எம்மொழி பேசினாலும் வரலாற்றில் இல்லாதவனாகிறான். தஞ்சையிலே தீண்டாச்சேரியில் வாழ்ந்தவன் பேரரசின் பங்காளியாகிறான். இதன் விளைவுகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சோழரின் புலிச்சின்னமும் துட்டகைமுனுவின் வாளும் எமது காலத்து இளைஞர்களை எங்கு இட்டுச்சென்றன என்பதற்கு 1983 முதல் 2009 வரையிலான ஆண்டுகள் சாட்சி. போரில் மடிந்தோரிற் பெரும்பாலானோர் இரு இனங்களையும் சேர்ந்த ஏழை உழவர், மீனவர், கூலியாளர் ஆகியோரின் பிள்ளைகளே.

6

இவ்வளவும் கூறியமையால், இப்படத்தைக் கண்டு மகிழ்ந்தோரை நாம் ஏளனம் செய்கிறோம் எனக் கொள்ளலாகாது. 2009 இன் பின்னர், உறவையும் நிலத்தையும் இழந்த ஒரு மக்கட் கூட்டம், தனது மொழியில் பேசும் மன்னன் இலங்கை மண்ணில் நிமிர்ந்து நிற்பதைத் திரையிற் கண்டு கண்கலங்கினால், அக்கண்ணீரின் காரணம் உண்மையானது. அதற்குக் கிடைத்த விடையே பொய்யானது. முற்போக்கு விமர்சனம் பல வேளைகளில் விடையை மறுக்கும் அவசரத்தில் காரணத்தையும் மறுத்து, மக்களிடமிருந்து அந்நியப்பட்டிருக்கிறது. அவ்விடைவெளியைப் பழம்பெருமை பேசுவோர் எளிதில் நிரப்பிவிட்டனர்.

ஆகவே விமர்சகரின் பணி பார்வையாளரின் கருத்துகளிலிருந்தே தொடங்கவேண்டும். சேந்தன் அமுதன் ஏன் அரசனாகவில்லை எனக் கேட்பவரிடம், பூக்கட்டுபவன் அரசனாவதற்கு அரச இரத்தம் ஏன் தேவைப்பட்டது எனக் கேட்கலாம். கரிகாலனைக் கொன்றவர் யாரென வினவுபவருக்கு உடையார்குடிச் சாசனத்தை வாசித்துக் காட்டலாம். ஈழத்து முடியை மறுத்த இளவரசனைப் போற்றுபவரிடம், ஈழத்து ஊர்கள் அளந்த நெல்லைப் பற்றிக் கூறலாம். எமது பல்கலைக்கழகங்களிலே தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் இச்சாசனங்களையும் சூளவம்சத்தையும் ஒரே மேசையில் வைத்து வாசிப்பதற்கு வழிசெய்வோமாயின், ஒரு திரைப்படத்தைப் பற்றிய இவ்விவாதம் உரிய பயனைத் தந்ததாகும்.