பண்பாடு என்னும் கருத்துநிலை: திருகோணமலை ஆடைப் பிரச்சினையை முன்வைத்து

திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் 2018 ஏப்ரலில் எழுந்த ஆடைப் பிரச்சினை இந்து - முஸ்லிம் முரண்பாடாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் அபாயா அணிந்து கடமைக்கு வந்தனர். பாடசாலையின் பண்பாடு சேலையே என்று வாயிலில் ஆர்ப்பாட்டம் நிகழ்ந்தது. எதிர் ஆர்ப்பாட்டங்களும் தொடர்ந்தன. ஆசிரியைகள் தற்காலிகமாக வேறு பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் தம் உடையுடனேயே மீளவும் கற்பிக்க இடமளிக்கப்பட வேண்டுமென மனித உரிமைகள் ஆணைக்குழு 2019இல் பரிந்துரைத்தது. 2022 பெப்ரவரியில் ஆசிரியை ஒருவர் கடமையேற்க வந்தபோது பிரச்சினை பரஸ்பரக் குற்றச்சாட்டுகளாகவும் வழக்காகவும் விரிந்தது.

இதில் இலக்கிய விமர்சனத்துக்கு என்ன வேலை என்று வினவலாம். சுலோக அட்டையும் சுற்றுநிருபமும் பனுவல்களே. அவற்றில் 'பண்பாடு' என்னும் சொல் எத்தொழிலை ஆற்றுகிறது என்பதே நமது வினா. 1923இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரி இன்று தேசிய பாடசாலை. அங்கு கற்பிப்போர் அரசாங்கத்திடம் சம்பளம் பெறும் உழைப்பாளர். சேலை அவர்களுக்கு ஒரு வேலை நிபந்தனை. அந்நிபந்தனையைப் 'பண்பாடு' என்று பெயரிட்டதும் தொழில் உறவு மறைந்துபோகிறது. ஆசிரியை நிறுவனத்தின் சின்னமாகிவிடுகிறாள். அவளது கற்பித்தலைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

சேலையின் வரலாறும் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. இரவிக்கையும் உட்பாவாடையும் சேர்ந்த இன்றைய 'கண்ணியமான' சேலைக்கட்டு பெருமளவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியதர வர்க்க உருவாக்கமாகும். சிங்களப் பெண்கள் ஐரோப்பிய உடையை விடுத்துச் சேலை அணிய வேண்டுமென அநகாரிக தர்மபால வற்புறுத்தினார். இரு தேசியவாதங்களும் ஒரே துணியைத் தத்தமது தனிச்சொத்தாக உரிமை கோரின எனலாம். யாழ்ப்பாணச் சாதியமைப்போ ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலாடை அணிவதையே நெடுங்காலம் தடுத்து வந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் அவ்வுரிமைக்காக நடத்திய போராட்டம் 1859இல்தான் அரச பிரகடனமொன்றைப் பெற்றது. ஒரு காலத்தில் உடுத்தாதே என்றது. பிறிதொரு காலத்தில் இதையே உடு என்கிறது. கட்டளை மாறினாலும் கட்டளையிடுவோரின் சமூக நிலை பெரிதும் மாறவில்லை.

அபாயாவும் காலங்கடந்த பண்பாடன்று. இலங்கை முஸ்லிம் பெண்கள் சேலைத் தலைப்பை முக்காடாக இட்டுக்கொள்வதே முன்னைய வழக்கு. வளைகுடா நாடுகளுக்கான உழைப்புப் பெயர்வும் சமயச் சீர்திருத்த இயக்கங்களும் 1980களிலிருந்து அபாயாவைப் பரப்பின. கிழக்கின் வறிய பெண்கள் பணிப்பெண்களாகச் சென்று திரும்பிய பாதையிலும் அது வந்தது. அங்கும் ஆணாதிக்கக் கட்டாயங்கள் உண்டு. அவற்றை விமர்சிக்கத்தான் வேண்டும். ஆயின், ஓர் உடை எவ்வளவு பழமையானது என்பதைக் கொண்டு அதை அணிபவளின் தொழிலுரிமையை அளவிட முடியாது.

திருகோணமலைத் தமிழரின் அச்சத்தைப் பொய்யென்று தள்ளுவது இலகு, அது நேர்மையாகாது. கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களும், 2005 மே மாதம் பஸ் நிலையத்தருகே எழுந்த புத்தர் சிலையும், 2006 ஜனவரியில் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டதும் நினைவிலிருந்து அகலக்கூடியவை அல்ல. துறைமுகத்தைக் கைப்பற்றவும் காக்கவும் வந்த வல்லரசுகளின் வரிசையில், 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்த பின்னும், இம்மாவட்டத்தின் நிலம் அதன் மக்களின் தீர்மானத்துக்கு அப்பாற்பட்டே இருந்து வந்துள்ளது. 2012 கணக்கெடுப்பில் இங்குள்ள எந்தச் சமூகமும் மாவட்டத்தின் அரைவாசியை எட்டவில்லை. ஆனால் அரசின் மீது காட்ட இயலாத கோபம், அதே சம்பளத் திட்டத்தில் உழைக்கும், அதே ஓய்வறையில் அடுத்த கதிரையில் அமரும் முஸ்லிம் ஆசிரியைமீது இறக்கப்பட்டது. தவணைப் பரீட்சைத் தாள்களைச் சேர்ந்து திருத்தியோர் ஒருவருக்கொருவர் இனப் பிரதிநிதிகளாயினர். இப்பிரச்சினையின் மிகப் பெரிய இழப்பு இதுவே என்பது எமது கருத்து. ஊடகக் கணக்கில் அது வரவில்லை.

இதிலொரு முரண்நகையும் உண்டு. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், 2019 மே மாதம் பொது நிர்வாக அமைச்சு சுற்றுநிருபமொன்றை வெளியிட்டது. பெண் உத்தியோகத்தர் சேலை அல்லது கண்டியச் சேலை அணிய வேண்டும் என்றது. எதிர்ப்பின் பின் அது திருத்தப்பட்டது. தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் பாடசாலை வாயிலில் கோரப்பட்டதை ஓராண்டின் பின் சிங்கள பௌத்த மேலாண்மை அரசு பாதுகாப்பின் பெயரால் நாடு முழுவதும் கோரியது. வாயிலில் நின்றோர் இவ்வொற்றுமையைக் கவனித்தனரா?

பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையை விடுத்து வேறு உடையில் பாடசாலைக்கு வந்தனர். சேலையின் விலையும் பஸ்ஸில் அதனுடன் படும் அல்லலும் அவர்களது வாதத்தில் இடம்பெற்றன. கல்வி அமைச்சு இணங்கவில்லை. இம்முறை கோரிக்கைக்குச் சமய நிறம் இருக்கவில்லை. பண்பாடு என்ற பதில் மட்டும் மாறாதிருந்தது. ஒரே சேவையைச் சேர்ந்த பெண்கள் ஒரே நிபந்தனையை வெவ்வேறு காரணங்களால் மறுத்திருக்கின்றனர். முன்னையதைச் சமயப் பிரச்சினையென்றும் பின்னையதை ஒழுக்கப் பிரச்சினையென்றும் பிரித்துப் பேசும் வழக்கத்தை நமது விமர்சகரும் கேள்வியின்றி ஏற்றுள்ளனர். ஆசிரியர் தொழிற்சங்கங்கள் இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசலாம்; அதற்குத் திருகோணமலையைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.