தோலோவின் கரை

கிரேக்கத்தின் ஆர்கோலிஸ் பகுதியிலுள்ள தோலோ பழைய மீன்பிடி ஊர். இன்று விடுமுறைக்காரர்களின் கடற்கரை. நீண்ட மணல், ஆழமில்லாத தெளிந்த நீர், எதிரே கடலை மறித்து நிற்கும் ரோம்வி தீவு. குழந்தைகளைப் பயமில்லாமல் இறக்கிவிடலாம்.

ஆனால் எனக்கு இங்கே மிகப் பிடித்தது, கடற்கரையிலிருந்து நடந்தே போகக்கூடிய ஆசினி. ஹோமரின் இலியட், கப்பல்களின் பட்டியலில் பெயர் சொல்லும் ஊர் அது. 1922இல் ஸ்வீடன் தொல்லியலாளர்கள் தோண்டத் தொடங்கினார்கள். பின்னாளில் அரசரான இளவரசர் குஸ்தாவ் அடோல்ஃபும் அந்தப் பணியில் சேர்ந்துகொண்டார். கடலுக்குள் நீளும் பாறைமுனையில் ஹெலனிஸ்டிக் காலத்து மதில் இன்னும் நிற்கிறது. பல கோணங்களில் செதுக்கிய பெரும் கற்களைப் பொருத்தியிருக்கும் நேர்த்தி அபாரம்! அந்த இணைப்புகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதே பாறையில் இரண்டாம் உலகப்போரின்போது இத்தாலியப் படை கட்டிய அரண்களும் இருக்கின்றன. அரண் கட்ட வந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இதே இடத்தைத்தான் தேர்ந்திருக்கிறார்கள்.

மைசீனியின் சிங்க வாசலும் எபிடாரஸ் அரங்கமும் காரில் ஒரு மணி நேரத்துக்குள். எபிடாரஸுக்குக் கோடையின் வார இறுதியில், மாலையில் போங்கள். அங்கே இன்றும் நாடகம் நடக்கிறது. 55 படிவரிசைகளில் உச்சிப்படியே கிடைத்தாலும் தயங்காமல் உட்காருங்கள், நடிகரின் குரல் அதுவரை வரும்.