அழுகையும் அடக்கமும்
பெடல் ஸ்டீல் கிற்றாரின் தனி வாசிப்புக்கள் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் கன்ட்ரி இசை பற்றிக் கற்றோர் மத்தியில் நிலவும் அபிப்பிராயம் உயர்வானதன்று. மிகையுணர்ச்சியும் மலினமான சோகமும் கொண்ட இசையென்றே அது பெரும்பாலும் ஒதுக்கப்படுகின்றது. இக்குற்றச்சாட்டுக்குச் சான்றாக முதலிற் காட்டப்படுவது அவ்விசையிற் கேட்கும் பெடல் ஸ்டீல் கிற்றாரின் ஒலியாகும். பாடல் எதைக் கூறினும் இக்கருவி அழுதுகொண்டேயிருக்கும் என்பது குறை கூறுவோர் வாதம். இவ்வாதம் முற்றிலும் பிழையானதன்று. எனினும், இக்கருவியின் சிறந்த தனி வாசிப்புக்கள் சிலவற்றைக் கூர்ந்து செவிமடுப்போர், அழுகை அங்கு எவ்வாறு அடக்கப்படுகின்றது என்பதிலேயே அவற்றின் கலைச்சிறப்புத் தங்கியிருப்பதை உணர்வர். அவ்வடக்கத்தின் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கருவியின் மூலம் ஹவாய்த் தீவுகளாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஜோசப் கெக்கூக்கு என்னும் ஹவாய் இளைஞர், கிற்றாரை மடியிற் கிடத்தி உருக்குத் துண்டொன்றைத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிக்கும் முறையை உருவாக்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தியாகும். கோட்டுவாத்தியத்தைக் கேட்டறிந்தோர்க்கு இவ்வகை வாசிப்பு முற்றிலும் அந்நியமானதன்று. 1893இல் ஹவாயின் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898இல் அந்நாடு ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. அரசை இழந்த அம்மக்களின் இசையோ அமெரிக்க நிலப்பரப்பெங்கும் பரவியது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சி இப்பரவலுக்குப் பெரிதும் துணை நின்றது. 1930களில் மின்னாற்றல் சேர்ந்தபின் இக்கருவி தென்மாநிலங்களின் நடன மண்டபங்களிலும் மதுச்சாலைகளிலும் நிலைபெற்றது. ஹாங்க் வில்லியம்சின் இசைத்தட்டுக்களில் டொன் ஹெல்ம்ஸ் வாசித்தது மிதிகள் அற்ற இத்தகைய கருவியையே ஆகும்.

மிதிகளற்ற கருவிக்கு ஓர் எல்லை உண்டு. உருக்குத் துண்டை நகர்த்தும்போது அதன்கீழ் உள்ள தந்திகள் யாவும் ஒருங்கே ஏறும், ஒருங்கே இறங்கும். மிதிகள் சேர்க்கப்பட்ட காலத்திலும் அவை பெரும்பாலும் ஒரு சுருதியமைப்பிலிருந்து வேறொன்றுக்கு மாறுவதற்கே பயன்பட்டன. 1954இல் வெளிவந்த 'ஸ்லோலி' என்னும் பாடலில் இந்நிலை மாறியது. பாடியவர் வெப் பியர்ஸ்; ஸ்டீல் கிற்றாரை வாசித்தவர் பட் ஐசாக்ஸ். தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஐசாக்ஸ் மிதியை அழுத்தினார். ஒரு தந்தி தன் நிலையில் நிற்க, அதனோடு சேர்ந்தொலித்த மற்றொன்று மெல்ல மேலெழுந்தது. காதலில் மெல்ல மெல்ல வீழ்வதைப் பற்றிய அப்பாடலில், பொருளின் அசைவே ஒலியின் அசைவாக அமைந்தது. உருவமும் உள்ளடக்கமும் இங்கு ஒன்றையொன்று தேடிக்கொண்டன எனலாம். அப்பாடல் அடைந்த பெருவெற்றியின் பின்னர், மிதியற்ற கருவியை வைத்திருந்தோர் பலர் தாமும் மிதி பொருத்த விரைந்தனர்.

ஐசாக்சின் ஒரே மிதி இரு சுரங்களையும் ஒருங்கே உயர்த்தியது. 1950களின் பிற்பகுதியில் படி எமன்ஸ் என்னும் இளங்கலைஞர் அச்செயலை இரண்டு மிதிகளுக்குப் பகிர்ந்தளித்தார். இதனால் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே அசைக்க முடிந்தது. இன்று பெருவழக்கிலுள்ள அமைப்பிற் பத்துத் தந்திகளும், குறைந்தது மூன்று மிதிகளும், முழங்காலால் இயக்கும் நெம்புகோல்கள் சிலவும் உள்ளன. இடக்கை உருக்குத் துண்டைப் பிடிக்க, வலக்கை விரல்கள் தந்திகளை மீட்டுகின்றன. இடக்கால் மிதிகளையும் வலக்கால் ஒலியளவையும் ஆளுகின்றன. இரு கைகளும் இரு கால்களும் இரு முழங்கால்களும் ஒரே கணத்திற் செயற்பட்டே ஒரு சுரம் பிறக்கின்றது. 'தானாக அழும்' கருவி எனக் கூறுவோர் இவ்வுழைப்பை மறந்துவிடுகின்றனர்.

ஆயினும் எக்கண்டுபிடிப்பும் விரைவில் வழக்கமாகத் தேய்ந்துவிடும் இயல்புடையது. ஐசாக்சின் அசைவு பிறர் கையில் ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒட்டப்படும் அலங்காரமாயிற்று. குறை கூறுவோர் கேட்டதும் பெரும்பாலும் இவ்வலங்காரத்தையே. எனவே, நல்ல தனி வாசிப்பைத் தேயந்த வழக்கத்தினின்றும் வேறுபடுத்திக் காணும் அளவுகோல் யாது என்னும் வினா எழுகின்றது.

அவ்வினாவுக்குச் சிறந்த விடையாக அமைவது, 1964இல் வெளிவந்த 'ருகெதர் அகெய்ன்' பாடலில் ரொம் பிரம்லி வாசித்த இடையிசையாகும். பக் ஓவன்ஸ் இயற்றிப் பாடிய இப்பாடல் பிரிந்த காதலர் மீண்டும் கூடியதைப் பற்றியது. சொற்களின்படி துயர் தீர்ந்துவிட்டது. ஆனால் மெட்டு நடக்கும் நடையோ துயரின் நடை. பிரம்லியின் வாசிப்பு இம்முரணை மறைக்க முற்படவில்லை. அவர் விரைவை நாடாது, நிறைந்த சுரக்கூட்டுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். ஒவ்வொன்றும் மெலிந்து தொடங்கி ஒலியளவு மிதியால் வளர்ந்து, அடுத்ததனுள் கரைகின்றது. ஒரு சுரம் நிலைத்து நிற்க மற்றொன்று அதனை நோக்கி நகர்ந்து சேரும் ஒவ்வொரு தடவையும், கூடுதல் என்பது பிரிந்திருந்தோர்க்கே உரியது என்னும் உணர்வு தோன்றுகின்றது. பாடகன் கூறாது விட்டதை, அதாவது இக்கூடல் நிலைக்குமோ என்னும் அச்சத்தை, கருவி கூறுகின்றது. இங்கு இடையிசை பாடலின் மேற்பூச்சன்று. அது பாடலைப் பற்றிய ஒரு விமர்சனமாகவே அமைந்துவிடுகின்றது.

முன்னிசைக்கு எடுத்துக்காட்டாக 1963இல் ரே பிரைஸ் பாடிய 'நைட் லைஃப்' பாடலைக் கொள்ளலாம். வில்லி நெல்சன் இயற்றிய இப்பாடலில் ஸ்டீல் கிற்றாரை வாசித்தவர் மேலே குறிப்பிட்ட படி எமன்ஸ். அதே ஆண்டில் ஜாஸ் இசைக்கென்றே தனி இசைத்தட்டு வெளியிட்டவர் அவர். கறுப்பின மக்களின் புளூஸ் இசைச் சாயலை முன்னிசையிலேயே கொணர்ந்து, நள்ளிரவு கடந்த மதுச்சாலையொன்றின் சூழலைச் சொல்லின்றி அவர் நிறுவிவிடுகின்றார். அவரது திறமைக்கு இன்னும் எத்தனையோ சுரங்களை அவ்விடத்தில் நிரப்பியிருத்தல் இயலும். அவர் விட்டுவைத்த மௌனங்களே பாடகன் நுழைவதற்கான வாயிலாகின்றன.

இவ்விருவரும் கருவியில் வல்லுநர். அடக்கம் வல்லுநர்க்கே உரியதோ எனின், அதுவுமன்று. 1970இல் குரொஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் குழுவினர் வெளியிட்ட 'ரீச் யுவர் சில்ட்ரன்' பாடலில் இக்கருவியை வாசித்த ஜெரி கார்சியா, ரொக் இசையிற் கிற்றார்க் கலைஞராக அறியப்பட்டவர். பெடல் ஸ்டீலில் அவருக்கு அப்போது நீண்ட பயிற்சி இருக்கவில்லை. தாம் அறிந்த சில எளிய அசைவுகளைப் பாடலின் ஒளி பொருந்திய மெட்டோடு இணைத்தார். அழும் கருவி எனப்பட்டது அங்கு மகிழ்ந்து நகைக்கின்றது. மறுபுறம், நாஷ்வில் நகரின் பெருங்கலைஞர்களுள் ஒருவரான பீற் டிரேக் 1964இல் வெளியிட்ட 'ஃபொரெவர்' இசைத்தட்டில், கருவியின் ஒலியைக் குழாய் வழியே வாயினுட் செலுத்திச் சொற்களாக வடித்துக் காட்டினார். அது வியப்பை விளைத்தது உண்மையே. ஆயினும், சொல் பேசும் அக்கருவி, சொல்லற்ற பிரம்லியின் கருவி உணர்த்தியதில் ஒரு பகுதியையேனும் உணர்த்தவில்லை. வித்தையும் கலையும் பிரியுமிடம் இதுவாகும்.

இவ்வாசிப்புக்களைச் சமூகச் சூழலினின்றும் பிரித்து நோக்குதல் பொருந்தாது. 1950களின் பிற்பகுதியில் நாஷ்வில் தயாரிப்பாளர் நகர்ப்புறச் சந்தையைக் கருதி வயலின் கூட்டத்தையும் குழுப்பாடலையும் புகுத்தியபோது, ஸ்டீல் கிற்றார் பல இசைத்தட்டுக்களிற் பின்தள்ளப்பட்டது. அதனை முன்னிலையில் வைத்துப் போற்றியோருள் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்ட் நகரத்தார் முதன்மையானவர். 1930களின் வறட்சியாலும் பொருளாதார மந்தத்தாலும் ஒக்லஹோமா, ரெக்சாஸ் முதலிய மாநிலங்களிலிருந்து புலம்பெயர்ந்து, வயல்களிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் உழைத்தவர்களின் நகரம் அது. 1966இல் மேர்ல் ஹகார்ட் பாடிய மதுச்சாலைப் பாடல்களில் ரால்ஃப் மூனி வாசித்த கூர்மையான, துள்ளி விழும் சுரங்கள் அம்மக்களின் பேச்சைப் போன்றவை. அவை துயரை ஒப்புக்கொள்கின்றன, இரக்கத்தை யாசிக்கவில்லை. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்தோர்க்கு அழுகையை அடக்குதல் அழகியற் கொள்கையாக இருந்ததன்று. அது வாழும் முறையாக இருந்தது.

இவ்விடத்தில் மற்றோர் உண்மையும் மனங்கொள்ளத்தக்கது. அக்கால இசைத்தட்டின் முகப்பிற் பாடகரின் பெயரே பொறிக்கப்பட்டது. மூன்று மணி நேரம் கொண்ட ஒலிப்பதிவு அமர்வுக்குக் கூலி பெற்றுச் சென்ற வாத்தியக்காரரின் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. ஒரு பாடலைக் கேட்போர் நினைவில் நிறுத்துவது பல வேளைகளில் அப்பெயரற்றோர் வாசித்த சில கணங்களேயாகும். இரசிகர் தமக்குப் பிடித்த தனி வாசிப்புக்களைத் தேடித் தொகுத்து, வாசித்தவர் யாரென உசாவி அறிவது வெறும் பொழுதுபோக்கன்று. உழைத்தவனுக்கு உரிய பெயரை மீட்டளிக்கும் பணியுமாகும் அது.

கன்ட்ரி இசையில் மலினமான சோகம் இல்லையென எவரும் சாதித்தல் இயலாது. ஆனால் அம்மலினத்தைக் கருவியின் இயல்பெனக் கொள்வது விமர்சனமாகாது. மிதி எல்லோர்க்கும் ஒன்றே. அதனை எப்போது அழுத்துவது, எப்போது காலை எடுப்பது என்னும் தெரிவே கலைஞனை இனங்காட்டுகின்றது. பிரம்லியின் இடையிசை சில விநாடிகளில் முடிந்து, பாடகன் மீண்டும் தன் மகிழ்ச்சியைப் பாடத் தொடங்குகிறான். கேட்போனுக்கோ அம்மகிழ்ச்சி முன்போல் எளிதாகத் தோன்றுவதில்லை.